கட்டங்கா என்று எழுதிய கை

கொங்கோ நாட்டில் இருபத்தாறு மாகாணம், தலைநகரையும் சேர்த்து. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்லிவிடுவேன். லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருக்கிறவளுக்கு ஆப்பிரிக்காவின் நடுவில் கிடக்கிற நாட்டின் மாகாணம் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் தோட்டத்திலும் கேட்டார்கள். "ஆயா பெரிய பரீட்சை எழுதப் போறாங்க போல" என்று கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒருத்தி சிரித்தாள். நான் என் வழியே நடந்துவிட்டேன். வழக்கமாக அப்படிச் சும்மா விடுகிற ஆள் இல்லை நான்.

அந்த இருபத்தாறில் ஒன்றின் பெயரை, எழுத வேண்டிய இடத்தில், எழுத வேண்டிய நாளில் நான் எழுதவில்லை. அதற்குப் பதிலாகப் பழைய பெயரை எழுதினேன். அதனால் என் தம்பி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, யாராவது வருவார்கள் என்று வாசலைப் பார்த்தபடியே செத்துப்போனான். மூன்று வருஷமாகிறது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். எப்படி அப்படி ஆனது என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொன்னால்தான் விஷயம் விளங்கும். எங்கள் தோட்டத்தில் யாருக்கு எந்தப் பாரம் நிரப்ப வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அடையாள அட்டை, பிறப்புப் பதிவு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, சேமலாப நிதி, எல்லாம். பேனையை எடுத்தேன் என்றால் அடித்தல் திருத்தல் இருக்காது. பிரதேச செயலகத்தில் ஒரு ஐயாவே, "இந்தப் பாரம் நிரப்பின கை யாருது?" என்று கேட்டார் என்று ஒருதரம் வந்து சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த திமிர் கொஞ்சமா.

அந்தத் திமிருக்கு ஒரு கதை உண்டு. எங்கள் தோட்டத்துக்கு இரண்டு பெயர். வெள்ளைக்காரத் துரைமார் வைத்த இங்கிலீஷ் பெயர் ஒன்று, ஆபீஸ் பலகையில் இருக்கும். நம் ஆட்கள் வாயில் வழங்குகிற தமிழ்ப் பெயர் இன்னொன்று. மலைநாட்டில் பாதித் தோட்டங்களுக்கு இப்படித்தான். என் அப்பா பிறந்தபோது பிறப்புப் பதிவில் யாரோ தமிழ்ப் பெயரை எழுதிவிட்டார்கள். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தபோது கணக்கப்பிள்ளை இங்கிலீஷ் பெயரை எழுதினார். இரண்டும் ஒரே தோட்டம், வரிசை வீடுகளில் அதே லயம், அதே ஒற்றை அறைக் காம்பரா. கொழும்பில் மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கு அது எப்படித் தெரியும்? பிறந்த இடம் ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாதி ஆயுசு வரைக்கும் அப்பாவுக்கு எந்த நாடும் இல்லை.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம். பேப்பரில் ஒருதரம் என்ன எழுதியிருக்கிறதோ, சாகும்வரை அதைத்தான் எழுத வேண்டும். அது சரியா தப்பா என்று பார்க்கக் கூடாது, ஒத்துவருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். "மாத்தினா நம்மளயே இல்லன்னுடுவானுங்க" என்பார் அப்பா. அவர் போன பிறகு அந்தச் சட்டத்தை நான் எடுத்துக்கொண்டேன். தோட்டம் முழுக்க அதையே பரப்பினேன்.

தம்பி எட்டு மாதக் கைக்குழந்தையாக இருக்கும்போது அம்மா கண்ணை மூடிவிட்டாள். எனக்கு அப்போது பதினேழு, ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலை காலியானது. தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற நேரத்தில் அவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. தம்பியைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, சம்பளத்துக்கு நின்ற மாதிரியும் ஆச்சு என்று சேர்ந்துகொண்டேன். நான் ஆட்டின முதல் தூளியில் கிடந்தவன் அவன்தான். கல்யாணம் கில்யாணம் என்று எனக்காக யோசிக்க ஆளில்லை, நானும் யோசிக்கவில்லை. அவன் எனக்குத் தம்பியா பிள்ளையா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அவனுக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பதற்கு முன்னாடி வீட்டு அட்ரஸைச் சொல்லிக்கொடுத்தேன். ஏழாம் நம்பர் லயம், மூன்றாம் காம்பரா, கீழ்ப்பிரிவு, பிறகு தோட்டத்தின் இங்கிலீஷ் பெயர், லிந்துலை. ஒரு சொல் விட்டால் தொடையில் ஒரு கிள்ளு. அழுதுகொண்டே சொல்வான். நாலு வயசில் யாராவது "தம்பி பேரென்ன?" என்று கேட்டால் பேரைச் சொல்லாமல் ஏழாம் நம்பர் லயம் என்று ஆரம்பித்துவிடுவான். லயமே சிரிக்கும். நான் மட்டும் சிரிக்க மாட்டேன், பெருமையாக இருக்கும்.

வளர்ந்து தோட்டத்து ஃபெக்டரியில் மெஷின் வேலை பழகினான். கெட்டிக்காரன், சும்மா சொல்லக்கூடாது. கொழுந்து அரைக்கிற மெஷின் நின்றுவிட்டால் அதன் மேல் காதை வைத்துக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்வான். தெரிந்தவர் ஒருவர் மூலமாகக் கொங்கோவில் ஒரு மாவு மில்லுக்கு மெஷின் வேலைக்கு ஆள் கேட்டார்கள். சுரங்கங்கள் நிறைந்த ஊர், மாகாணம் கட்டங்கா. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பதிகிற பாரத்தை நான்தான் நிரப்பினேன். அங்கே இருக்கப் போகிற அட்ரஸ் என்ற இடத்தில் ஊரின் பெயரை எழுதி, பக்கத்தில் கட்டங்கா மாகாணம் என்று அச்சடித்த மாதிரி எழுதினேன். ஊர்ப் பெயர் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கட்டங்கா மட்டும் நன்றாகத் தெரியும்.

அங்கே போய் நல்லாத்தான் இருந்தான். வாரத்துக்கு இரண்டு தரம் குரல் செய்தி அனுப்புவான். அந்த ஊரில் அக்காவைத் தாதா என்று கூப்பிடுவார்களாம். "ஒனக்குன்னே வச்ச பேரு மாதிரி இருக்குக்கா" என்று கேலி பண்ணினான். அதற்குப் பிறகு தாதா, சாப்பிட்டியா தாதா, யாரையும் இன்னைக்கு அடிக்கலையா தாதா என்றுதான் ஒவ்வொரு செய்தியும் தொடங்கும்.

மில்லில் அவனோடு ஒரு லொறி டிரைவர் இருந்தார், அறுபது வயசு தாண்டினவர். மாகாணங்களின் கதையைத் தம்பி அவரிடம்தான் கேட்டான். கேட்டதை எனக்குச் சொன்னான். அந்த டிரைவர் பிறந்தபோது அவர் ஊர் கட்டங்கா மாகாணம். அவர்கள் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தபோது மொத்தமே ஆறு மாகாணம்தான். இரண்டு மூன்று வருஷத்துக்குள் ஆறையும் உடைத்து இருபத்தொன்றாக்கினார்கள். அப்போது கட்டங்காவும் உடைந்து, அவர் ஊர் லுவாலாபா என்கிற மாகாணத்துக்குள் போனது. அது அங்கே ஓடுகிற பெரிய ஆற்றின் பெயர். பிறகு இது தோதுப்படாது என்று எல்லாவற்றையும் ஒட்டித் தலைநகர் தனி, மாகாணம் எட்டு என்று வைத்தார்கள். மறுபடி கட்டங்கா. பிறகு நாட்டின் பெயரையே சயீர் என்று மாற்றினார்கள், கட்டங்கா ஷாபா ஆனது. இடையில் கிழக்கே கிவு என்ற மாகாணத்தை மட்டும் மூன்றாக்கினார்கள். அப்புறம் ஆட்சி மாறி, நாட்டுக்குப் பழைய பெயர் வந்தது. ஷாபாவும் மறுபடி கட்டங்கா ஆனது.

"அந்த மனுசன் பொறந்த வீட்டுலயேதான் இன்னும் இருக்காருக்கா. அவரு எங்கயும் போகல. மாகாணந்தான் அவரு வீட்டு வழியா வந்து வந்து போகுது" என்று சிரித்தான் தம்பி.

நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அப்ப அவருக்கு எப்படிப் பிரஜாவுரிமை கெடச்சுது?"

"இங்க அதெல்லாம் யாரும் கேக்கறதில்லக்கா" என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பேப்பர் கேட்காத நாடு ஒரு நாடா என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் மறுபடி பிரித்தார்கள். தலைநகரோடு பதினொன்றாக இருந்தது இருபத்தாறு ஆனது. கட்டங்கா நாலு துண்டானது. பெரிய நகரமான லுபும்பாஷி ஒரு மாகாணத்துக்குப் போனது. தம்பி இருந்த சுரங்க ஊர் வேறு மாகாணத்துக்குப் போனது. அந்த மாகாணத்துக்கு லுவாலாபா என்றே பெயர் வைத்தார்கள், டிரைவரின் சின்ன வயசில் இருந்த அதே பெயர். தம்பிக்குப் புது அட்டை கொடுத்தார்கள். அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான்.

"அக்கா, இனிமே இங்க கட்டங்கான்னு ஒண்ணு இல்ல. நம்ம பதிவுல லுவாலாபான்னு மாத்திடு. நாளைக்கு ஒண்ணுன்னா தேடுறவன் வேற ஊருக்குப் போயிருவான்."

அவன் சொன்ன சொல் இது. நான் கூட்டிக் குறைத்து ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "பேப்பர மாத்தறதாம். அப்பா பட்டது பத்தாதா? பாஸ்போட்டுக்குக் குடுத்தது ஒண்ணு, காரியாலயத்துல இருக்கறது ஒண்ணுன்னு ஆகட்டும், ரெண்டு ஆளுன்னு எழுதி ஒன்னய அந்தப் பக்கமும் சேக்க மாட்டான், இந்தப் பக்கமும் சேக்க மாட்டான். அவனுங்க இன்னும் பத்து வருசத்துல திரும்ப ஒட்டிருவானுங்க, ஒன் டிரைவரையே கேட்டுப் பாரு. கட்டங்கா கட்டங்காவாவே இருக்கட்டும்" என்று பெரிய செய்தியாக அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு சிரிப்புப் படம் வந்தது. கீழே, "சரி தாதா. ஒம் பேச்சுக்கு மறுபேச்சு ஏது" என்று எழுதியிருந்தான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒவ்வொரு தரம் பதிவைப் புதுப்பிக்கும்போதும் கட்டங்கா என்றே எழுதினேன்.

அதற்கப்புறம் எங்கள் பக்கமும் எல்லைகள் மாறின. மாவட்டத்தில் பிரதேச செயலகங்களைப் பிரித்து எண்ணிக்கையைக் கூட்டினார்கள். ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் பொழுதைத் தொலைக்கிற ஆட்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்ததுதான், சந்தோஷப்பட்டார்கள். எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு பக்கத்துத் தோட்டத்தின் நிர்வாகத்துக்குப் போனது. மழைக்கு ஏழாம் நம்பர் லயத்தின் பின்சுவர் இறங்கியதால் அங்கே இருந்தவர்களுக்கு மேற்பிரிவில் தனி வீடு கட்டிக் கொடுத்தார்கள். நானும் மேலே வந்துவிட்டேன். லயத்தை இடித்துவிட்டார்கள். ஆனால் என் பேப்பர்களில் நான் இன்னும் ஏழாம் நம்பர் லயம், மூன்றாம் காம்பராவில்தான் இருந்தேன். கிராம சேவகர் எத்தனையோ தரம் சொன்னார். "பாப்போம் சேர்" என்று சொல்லி வந்துவிடுவேன்.

அங்கே தம்பி வேலை பார்த்த மாவு மில்லை மூடிவிட்டார்கள். டிரைவர் எங்கேயோ பிள்ளைகளிடம் போய்விட்டார். தம்பி அங்கேயே இருந்து ஜெனரேட்டர் பழுது பார்த்துச் சம்பாதித்தான். வந்துவிடு என்று கெஞ்சினேன், தீபாவளிக்கு வந்துவிடுகிறேன் என்றான். ஒரு புதன்கிழமை, "லேசாக் காய்ச்சல் தாதா, பனடோல் போட்டுட்டுப் படுக்கறேன்" என்று செய்தி வந்தது. அதுதான் கடைசி. அதற்குப் பிறகு நான் அனுப்பினது எதுவும் போய்ச் சேரவில்லை.

ஆறாம் நாள் பொறுக்க முடியாமல் பஸ் ஏறி, அவனைப் பதிந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புக் காரியாலயத்துக்குப் போய், தேடித் தரச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தேன். அங்கே இருந்த அம்மா சிங்களத்தில் நிதானமாகக் கேட்டார். "இந்த அட்ரஸ் இப்பவும் சரிதானா? ஏதாவது மாறியிருக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கவே இல்லை நான். "ஒண்ணும் மாறல மிஸ். ஒங்க ஃபைல்ல என்ன இருக்கோ அதேதான்" என்றேன். அவர் என் விண்ணப்பத்தையும் பழைய ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒத்துவந்தது. தலையாட்டினார். அந்த நேரத்திலும், தம்பி எங்கே எப்படிக் கிடக்கிறானோ என்று இருந்த நேரத்திலும், எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. புது அட்டையின் படம் என் கைப்பையில் இருந்த போனுக்குள்தான் இருந்தது.

எங்கள் நாட்டுக்கு அங்கே தூதரகம் இல்லையாம், வேறு நாட்டிலிருந்து விசாரிக்க வேண்டுமாம். அவர்கள் கட்டங்கா என்று பார்த்து, பழைய கட்டங்காவின் தலைநகரான லுபும்பாஷியில் விசாரித்திருக்கிறார்கள். மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரமும் பிள்ளைக் காம்பராவில் ஒரு பிள்ளை அழுதாலும் எனக்கு அவன் குரல் மாதிரியே கேட்டது. பாலைக் கரைக்க மறந்து வெறும் வெந்நீரைப் புட்டியில் ஊற்றிவிட்டேன் ஒருநாள். பிள்ளையைப் பார்க்க வந்த தாய்க்காரி என்னைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு அவளே கரைத்தாள். கடைசியில் பதில் வந்தது. அந்தப் பெயரில் அங்கே ஆள் இல்லை.

தலவாக்கலையில் துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், எங்களுக்குப் பழக்கம். தம்பிக்குப் பள்ளிக்கூடச் சட்டை எடுத்ததிலிருந்து அவர் கடைதான். அவருடைய மச்சான் மாணிக்கக்கல் வியாபாரமாக ஆப்பிரிக்காப் பக்கம் போய்வருகிறவர். அவரிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று போனேன். நானா விவரமெல்லாம் கேட்டார். போனில் இருந்த படங்களைக் காட்டினேன். மச்சானுக்கு அனுப்பினார். நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மச்சான் கூப்பிட்டுவிட்டார்.

நானா போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். "தங்கச்சி, இந்த அட்டையில லுவாலாபான்னு இருக்காமே. நீங்க எழுதிக் குடுத்தது கட்டங்கா. அவங்க தேடினது வேற மாகாணம், வேற ஊரு. பஸ்ஸில போனா அரை நாள் தூரமாம். ஏன் தங்கச்சி பழைய பேர எழுதினீங்க?"

ஊரின் பெயரும் எழுதியிருந்தேனே என்றேன், வாய்க்குள்ளேயே. நானாவுக்குக் கேட்டிருக்காது. அந்தச் சின்னக் கட்டத்தில் நெருக்கி எழுதினதை யார் வாசித்திருக்கப் போகிறார்கள்.

கடையில் சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நானா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்கே அவரே அந்தக் காரியாலயத்துக்கு எழுதி, புதுப் பெயரைப் போட்டு அனுப்பினார். மூன்றே நாளில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மலேரியா மூளைக்கு ஏறி, பிறகு சிறுநீரகமும் போய், அந்த ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். காய்ச்சல் என்று சொன்ன அந்தப் புதன்கிழமையிலிருந்து இருபத்திரண்டாம் நாள் செத்திருக்கிறான். யாரும் தேடி வராததால் அவர்கள் முறைப்படி பொது மயானத்தில் அடக்கம் பண்ணிவிட்டார்கள். நான் முதல் விண்ணப்பம் கொடுத்தது ஆறாம் நாள். சரியான பெயரை எழுதியிருந்தால் மூன்று நாளில் ஆள் போயிருக்கும், ஒன்பதாம் நாள். அப்போது அவன் உயிரோடு இருந்தான். அந்த ஒன்பதுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில் உள்ள நாட்களை நான் ஒவ்வொன்றாகத் தனித்தனியாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். பாவி, வேறென்ன சொல்ல.

உடம்பு இல்லாமலே காரியம் பண்ணினோம். அவன் படத்தை வைத்து, மேற்பிரிவு ஆட்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். மந்திரம் சொல்கிற பண்டாரம் இறந்த இடம் எது என்று கேட்டார். லுவாலாபா என்றேன். அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான் முதல்தரம். அவருக்கு வாயில் நுழையவில்லை. நான் மூன்று தரம் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் தரம் சொல்லும்போது பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

மரணத்தைப் பதியப் போனால் அங்கே இன்னொரு கூத்து. இறந்த இடம் லுவாலாபா என்று எழுதினேன். "ஃபைல்ல கட்டங்கான்னு இருக்கு, இது லுவாலாபான்னு இருக்கு, ஒத்துவரலையே, ஒரு சத்தியக் கடதாசி கொண்டாங்க" என்றார்கள். அப்பா சொன்னது பொய்யில்லை. அவர் பயந்தது நடக்கத்தான் செய்தது. ஒரு சத்தியக் கடதாசியோடு தீர்ந்துபோகிற சங்கதி அது. அரை நாளில் முடிந்துவிட்டது. இந்த அரை நாளைக்குப் பயந்துதான் நான் அவனைப் பறிகொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் போட்டோகொப்பி, பிரின்ட் எல்லாம் எடுக்கிற தலவாக்கலைக் கொமினிகேசன் கடையில் சொல்லி, கொங்கோவின் வரைபடங்களை எடுத்தேன். ஆறாக இருந்தது, இருபத்தொன்றானது, எட்டானது, பதினொன்றானது, இருபத்தாறானது. ஐந்து தாள். வீட்டுச் சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தாளிலும் அவன் ஊர் இருக்கிற இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். கோடுகள்தான் மாறுகின்றன, புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்த டிரைவரைப் பற்றித் தம்பி சொன்னது சரிதான். இப்போது பாரம் நிரப்ப வருகிறவர்களிடம் முதலில் ஒன்று கேட்பேன், "இப்ப எங்க இருக்கீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல." என் பேப்பரையும் மாற்றிவிட்டேன். மேற்பிரிவு, தனி வீடு, நம்பரோடு.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். காரியம் பண்ணி ஏழு மாதம் கழித்து, பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற ஒரு பொம்பளை பிள்ளைக் காம்பராவுக்கு வந்தாள். கையில் ஒரு கடிதம், வெளிநாட்டு முத்திரை. தோட்டத்து ஆட்களுக்கு வருகிற கடிதம் வீட்டுக்கு வராது, ஆபீஸுக்குத்தான் வரும். எங்கள் ஆபீஸுக்கு வந்த அந்தக் கடிதத்தை, கீழ்ப்பிரிவு இப்போது எங்களுடையது இல்லை என்று பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே, ஏழாம் நம்பர் லயம் என்று ஒன்று இல்லையே என்று ஒரு தட்டில் போட்டுவிட்டார்கள். ஆபீஸைக் கூட்டப் போன இந்தப் பொம்பளை, இது பழைய லயத்து ஆயாவுக்கு வந்ததாயிற்றே என்று கண்டு கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

உறையின் மேல் இங்கிலீஷில் அவன் கையெழுத்து. ஏழாம் நம்பர் லயம், மூன்றாம் காம்பரா, கீழ்ப்பிரிவு. எழுத்து கோணல்மாணலாக இருந்தது, ஆனால் ஒரு சொல் விடவில்லை. நான் மேலே வீடு மாறினது அவனுக்கு நன்றாகத் தெரியும். புது வீட்டுப் படத்தைப் பார்த்து, "ஜன்னலுக்குப் பச்சை அடிச்சிருக்கலாம் தாதா" என்று சொன்னவன்தான்.

உள்ளே ஒரு துண்டுத் தாள், தமிழில். ஆஸ்பத்திரிக்குப் போன ஐந்தாம் நாள் என்று போட்டிருந்தான். இரண்டு பிள்ளைகள் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தன. நான் கதவுப் பக்கமாகப் போய் நின்று வாசித்தேன்.

"அக்கா, பயப்படாத. ஆஸ்பத்திரியில இருக்கேன். போன் விழுந்து ஒடஞ்சிருச்சு, ஒன் நம்பர் அதுக்குள்ள போயிருச்சு, எனக்கு மனப்பாடம் இல்ல. வீட்டு அட்ரஸ் மட்டும் மறக்கவே மறக்காது, நீ கிள்ளின கிள்ளு அப்படி. இங்க ஒரு நர்ஸம்மா நல்லவங்க, இத அவங்கதான் தபால்ல போடுறாங்க. பெரிய ஊரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னா கூட வர ஒரு ஆள் வேணுமாம். யார்கிட்டயாவது சொல்லி ஒரு ஆள அனுப்பச் சொல்லுக்கா. இந்த ஆஸ்பத்திரி அட்ரஸ கீழ எழுதியிருக்கேன். மாகாணம் மட்டும் பழைய பேரத்தான் போட்டிருக்கேன், கட்டங்கான்னு. ஒன் பேப்பரோட ஒத்துப்போகணும்ல."

கீழே பார்த்தேன். கட்டங்கா என்று எழுதியிருந்தான், நான் எழுதுகிற மாதிரியே, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி.